கொரோனா காலப் பள்ளியாண்டை நினைவுகூர்ந்து எழுதுவது எப்படி?

2020-21 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பில் பெயர் இருந்த பிள்ளைகள், அந்த வகுப்புக்குரிய ஒரு நாளைக்கூடப் பள்ளியில் உட்கார்ந்து கழிக்கவில்லை. 2020 மார்ச் 17ஆம் தேதி மூடப்பட்ட ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்குள் அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்து, பலர் வேறொரு பள்ளியின் வருகைப்பதிவேட்டுக்கு மாறியிருந்தார்கள். தாங்கள் படித்த தொடக்கப் பள்ளியிடம் விடைபெறும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு மூத்தவர்கள் பொதுத்தேர்வு நடக்குமா நடக்காதா என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இளையவர்கள் எழுத்து கற்க வேண்டிய வயதில் கரும்பலகையைப் பார்க்காமல் இருந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் அந்த ஆண்டைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதை எப்படிச் செய்யலாம் என்பதை, எழுதப்போகும் மாணவரையும் எழுத வைக்கப்போகும் ஆசிரியரையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தலைப்பைத் தவிர்க்கச் சொல்ல வேண்டும். 'கொரோனா கற்றுத்தந்த பாடங்கள்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் வகுப்பில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே கட்டுரைதான் வரும்: கை கழுவக் கற்றோம், குடும்பத்தோடு நேரம் செலவிட்டோம், காற்றில் மாசு குறைந்தது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் யார், அவர் வீட்டில் என்ன நடந்தது, அவர் எதை இழந்தார் என்பது அதில் ஒரு வரிகூட இருக்காது. பாடம் என்ன என்று கேட்பதற்கு முன், நடந்தது என்ன என்று கேட்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டி தேதிகளில் தொடங்கி, கையில் இருக்கும் பொருட்களுக்கும், பிறகு ஒரு சாதாரண நாளுக்கும், அதன் பிறகு படிப்புக்கும் போகிறது. கருத்து சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு வந்து சேரும்போது சொல்லவேண்டிய தேவை இல்லாமலும் போகலாம்.

தேதிகளில் தொடங்குங்கள்

ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நாட்டிலும் மாநிலத்திலும் நடந்தவை, வலப்பக்கம் உங்களுக்கு நடந்தவை. இடப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. நம்பத்தகுந்த தேதிகள் சிலவற்றை ஊன்றிக்கொண்டால்தான் சொந்த நினைவுகள் அவற்றைச் சுற்றி ஒழுங்காக வந்து நிற்கும்.

இடப்பக்கத்துக்கு உரியவை இவை. 2020 மார்ச் 17 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 22 ஞாயிறன்று நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு. மார்ச் 25 முதல் முழு ஊரடங்கு. பிளஸ் டூ தேர்வின் கடைசி நாளான மார்ச் 24 அன்று பேருந்து கிடைக்காமலும் அச்சத்தாலும் பல ஆயிரம் மாணவர்கள் வரவில்லை, அவர்களுக்காக ஜூலை 27 அன்று மறுதேர்வு வைக்கப்பட்டது. மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1க்கும், பிறகு ஜூன் 15க்கும் தள்ளிப்போய், ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைக்கு 20 விழுக்காடும் என மதிப்பெண் கணக்கிடப்பட்டது. புதிய கல்வியாண்டு பள்ளி திறக்காமலே தொடங்கியது. நவம்பர் 9 அன்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள்; நவம்பர் 16 அன்று திறப்பதாக இருந்தது கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும் திறந்தன. பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மார்ச் 22 முதல் அந்த வகுப்புகள் மீண்டும் மூடப்பட்டன. மே மாதம் நடக்கவிருந்த பிளஸ் டூ தேர்வு ஏப்ரலில் ஒத்திவைக்கப்பட்டு, ஜூன் 5 அன்று ரத்தானது. மே 10 அன்று மறுபடியும் முழு ஊரடங்கு. செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள், நவம்பர் 1 அன்று மற்றவை.

இந்தப் பட்டியல் முழுவதும் உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் வகுப்புக்குப் பொருந்தும் ஐந்தாறு தேதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் 'அன்று நான் எங்கே இருந்தேன், யார் வந்து சொன்னார்கள், சொன்னதும் என்ன செய்தேன்' என்ற மூன்றுக்கு மட்டும் விடை எழுதுங்கள். தேர்வு ரத்து என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியபோது ஒரு வீட்டில் துள்ளிக் குதித்திருப்பார்கள்; அரையாண்டில் குறைந்த மதிப்பெண்ணை முழுஆண்டுத் தேர்வில் ஈடுகட்டலாம் என்று இரவு பகலாகப் படித்துக்கொண்டிருந்த இன்னொரு வீட்டில் அழுதிருப்பார்கள். இரண்டும் அதே நாள், அதே அறிவிப்பு. வலப்பக்கம் நிரம்பத் தொடங்கும்போதுதான் இது புலப்படும்.

வலப்பக்கத்தில் பொதுத்தேதிகளோடு தொடர்பில்லாதவையும் வரவேண்டும். அப்பாவுக்கு வேலை நின்ற மாதம், தாத்தா ஊருக்குப் போய்ச் சேர இ-பாஸ் என்ற அரசுப் பயண அனுமதி கிடைத்த நாள், தெருவைத் தகரம் வைத்து அடைத்த வாரம், 2020 நவம்பர் இறுதியில் நிவர் புயல் கரையைக் கடந்த இரவு, வீட்டுக்கு முதல்முறையாக ஆண்ட்ராய்டு கைபேசி வந்த நாள். சரியான தேதி நினைவில் இல்லையென்றால் 'ஆடி மாதம்', 'தீபாவளிக்கு முன்' என்று எழுதினால் போதும். தெரியாத தேதியை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கையில் கிடைப்பவற்றைத் திரட்டுங்கள்

நினைவு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் இயல்புடையது. ஆண்டுகள் கடந்த பிறகு எழுதும்போது, அன்று உணர்ந்ததையும் பின்னர் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதையும் பிரிப்பது கடினம். பொருட்கள் அந்தப் பிரிவினைக்கு உதவும். அந்த ஆண்டின் பாடநூலையும் நோட்டையும் தேடி எடுங்கள். பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டிருந்தால் பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ கேட்டுப் பாருங்கள். நோட்டில் எந்தப் பக்கத்தில் எழுத்து நின்றுபோயிருக்கிறது என்பதே ஒரு செய்தி. ஜூலையில் சிரத்தையாகத் தேதி போட்டுத் தொடங்கிய நோட்டு செப்டம்பரில் வெறுமையாகிவிட்டிருந்தால், இடையில் என்ன நடந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு இன்னும் கைபேசியில் இருந்தால் அது பெரிய புதையல். ஆசிரியர் அனுப்பிய குரல்பதிவுகள், படம் பிடித்து அனுப்பிய வீட்டுப்பாடங்கள், 'உள்ளேன் ஐயா' என்று வரிசையாக வந்த வருகைப்பதிவுகள் அனைத்தும் தேதியோடும் நேரத்தோடும் அங்கே கிடக்கும். இரவு பதினொரு மணிக்கு வீட்டுப்பாடம் அனுப்பியிருக்கிறீர்கள் என்றால், அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்த பிறகுதான் கைபேசி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று பொருள். ரீசார்ஜ் செய்த குறுஞ்செய்திகளையும் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாமல் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியவர்களிடம் மாற்றுச் சான்றிதழின் நகல் இருக்கும். அதில் உள்ள தேதி உங்கள் குடும்பத்தின் பொருளாதாரம் எப்போது தளர்ந்தது என்பதற்குச் சான்று. 2021இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்கள் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் அச்சாகியிருக்கும்.

சத்துணவு சாப்பிட்டுவந்த பிள்ளைகள் வேறொன்றையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பள்ளி மூடியபோது மதிய உணவும் நின்றது. பின்னர் அதற்கு ஈடாக அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன, முட்டையும் வந்தது. அதை வாங்கப் பள்ளிக்கு யார் போனார்கள், அந்த அரிசி வீட்டில் எத்தனை பேருக்கு உலையானது என்பதெல்லாம் பள்ளியாண்டைப் பற்றிய செய்திகள்தாம். இதை எழுதத் தயங்குகிறவர்கள் பலர். பள்ளி என்பது பாடம் மட்டுமல்ல, பகலில் ஒரு வேளை சூடான சோறும்தான் என்பதை அந்த ஆண்டு காட்டியதுபோல் வேறெதுவும் காட்டவில்லை என்பதால், தயக்கத்தைக் கடந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கைபேசி யாருடையது?

இனி ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சிறப்பு நாளாக இருக்க வேண்டியதில்லை. செவ்வாயோ புதனோ, எதுவும் நடக்காத ஒரு பள்ளி நாள். காலை எழுந்தது முதல் இரவு படுத்தது வரை அந்த நாளை வரிசையாக எழுதுங்கள். முழு ஆண்டையும் சுருக்க முயன்றால் 'கடினமாக இருந்தது', 'சலிப்பாக இருந்தது' என்ற பொதுச்சொற்கள்தான் வரும். ஒரு நாளைப் பிடித்துக்கொண்டால் இடம், ஓசை, ஆட்கள், நேரம் எல்லாம் தாமாகவே வந்துசேரும்.

அந்த நாளை எழுதும்போது கைபேசியைச் சுற்றிச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது யாருடையது? அவர் வெளியே போகும்போது அதை எடுத்துச் சென்றாரா, விட்டுச் சென்றாரா? வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகள் வந்தால் யாருக்கு முதலிடம்? அண்ணன் பொதுத்தேர்வு எழுதுகிறான் என்பதால் தங்கையின் வகுப்பு விடுபட்டதா, அல்லது தம்பி ஆண்பிள்ளை என்பதால் அக்காவின் வகுப்பு விடுபட்டதா? சிக்னல் எங்கே கிடைத்தது: மொட்டைமாடியிலா, ஏரிக்கரையிலா, மலைப்பாதையின் ஒரு வளைவிலா? ஒரு நாளைக்கான டேட்டா எந்தப் பாடத்தின் நடுவில் தீர்ந்தது? காணொளியை அணைத்துவைத்தது டேட்டாவை மிச்சப்படுத்தவா, பின்னால் தெரியும் வீட்டை மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவா? கடைசிக் கேள்விக்கு உண்மையான விடை எழுதுவது எளிதல்ல. ஆனால் எழுதியவர்களின் பக்கங்களில் மிகவும் உயிருள்ள இடம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

கைபேசி இல்லாத வீடுகள் ஏராளம். அவர்களுக்கு அரசின் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019இல் தொடங்கப்பட்ட அந்த அலைவரிசை, ஊரடங்கின்போது வகுப்புவாரியாக நேரம் ஒதுக்கிப் பாடங்களை ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் வரும் ஆசிரியரை நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியாது. மின்சாரம் போனால் அன்றைய பாடம் போயிற்று. அதே நேரத்தில் வீட்டில் வேறு யாரேனும் வேறு நிகழ்ச்சி பார்க்க விரும்பினால் சிறு பிள்ளையின் பாடம் தோற்கும். இன்னும் சில ஊர்களில் ஆசிரியர்களே தேடி வந்து, கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் நான்கைந்து பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இவற்றில் எது உங்களுக்கு வாய்த்தது, எது வாய்க்கவில்லை என்று எழுதுங்கள். எதுவுமே வாய்க்கவில்லையென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்; 'அந்த மாதங்களில் நான் எதையும் படிக்கவில்லை' என்பது முழுமையான, மதிப்புள்ள ஒரு வாக்கியம்.

பொதுவான வாக்கியம் எப்படிக் குறிப்பான வாக்கியமாக மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 'இணையவழி வகுப்புகள் எங்களைப் போன்ற மாணவர்களுக்குச் சிரமமாக இருந்தன' என்று ஒருவர் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே, எப்போது, யாரோடு என்று கேட்டுக்கொண்டே போனால் அது இப்படி ஆகலாம்: 'அப்பா கட்டட வேலைக்குக் கைபேசியைக் கொண்டுபோய்விடுவார் என்பதால், அவர் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும் அந்த அரை மணி நேரத்துக்குள் முந்தைய நாள் பாடங்களைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன், அம்மா வேண்டுமென்றே தோசையை மெதுவாக ஊற்றுவாள்.' இரண்டாவது வாக்கியத்தில் சிரமம் என்ற சொல்லே இல்லை. அது இல்லாமலே படிப்பவருக்குச் சிரமமும் புரிகிறது, அம்மாவும் தெரிகிறாள்.

படித்ததும் விடுபட்டதும்

இந்தப் பகுதியை எழுதுவதற்கு அந்த ஆண்டின் பாடநூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரில் மூன்றில் ஒரு குறி இடுங்கள்: அன்றே புரிந்தது, பின்னால் வேறு வகுப்பில் புரிந்தது, இன்றும் புரியவில்லை. பாடத்திட்டம் குறைக்கப்பட்ட ஆண்டு அது. எனவே சில பாடங்கள் உங்களுக்கு நடத்தப்படவே இல்லை என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பதினைந்து நிமிட வேலைதான். ஆனால் பின்னமும் தசமமும் தடுமாறுவதற்கோ, ஆங்கிலத்தில் ஒரு பத்தியைத் தொடர்ந்து வாசிக்க முடியாமல் போவதற்கோ தன் மந்தபுத்திதான் காரணம் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, அந்தப் பாடம் வந்த மாதத்தில் பள்ளியே இல்லை என்பதை முதன்முறையாகத் தன் கண்ணால் பார்ப்பது சிறிய காரியமல்ல. இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

விடுபட்டதைப் பிடிக்க என்ன முயற்சிகள் நடந்தன என்பதும் இதில் சேரும். 2021இல் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகங்கள் தரப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, மாலை நேரங்களில் தன்னார்வலர்கள் பிள்ளைகளைத் திரட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் தெருவில் வகுப்பெடுத்த அக்கா யார், அவர் என்ன சொல்லிக்கொடுத்தார், நீங்கள் எத்தனை காலம் போனீர்கள், எதனால் நின்றீர்கள் என்று எழுதுங்கள்.

பாடநூலுக்கு வெளியே கற்றதும் உண்டு: சமையல், தையல், மாடு பார்ப்பது, நீச்சல், கைபேசியில் காணொளி தொகுப்பது. இவற்றை மகிழ்ச்சியாக எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் கூலி வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. செங்கல் சூளைக்கும், பட்டறைக்கும், காய்கறி வண்டிக்கும் போனவர்கள் தங்கள் உழைப்பை எழுதும்போது அதில் பெருமிதம் இருந்தால் அது அவர்களுடைய உரிமை. ஆனால் பெரியவர்கள் அதைப் படித்துவிட்டு 'வாழ்க்கைப் பாடம் கற்றாய்' என்று பாராட்டக் கூடாது. படிக்க வேண்டிய வயதில் வேலைக்குப் போக நேர்ந்தது அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த இழப்பு.

'கொரோனா பேட்ச்' என்ற பெயர்

2020, 2021ஆம் ஆண்டுகளில் தேர்வில்லாமல் தேர்ச்சி பெற்றவர்கள் இன்றுவரை கேட்டுவரும் ஒரு கேலிப்பெயர் இது. கல்லூரியில் சேரும்போதும், வேலைக்கான நேர்காணலிலும், உறவினர் வீட்டுத் திருமணத்திலும் 'ஓ, ஆல் பாஸ் ஆளா' என்ற ஒரு வரியால் அவர்களுடைய உழைப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் கோபத்தில் தொடங்காமல் கணக்கில் தொடங்கினால் எழுத்து வலுவாக அமையும்.

2021 பிளஸ் டூ மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மதிப்பெண் காற்றிலிருந்து வரவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் மதிப்பெண்ணிலிருந்து 20 விழுக்காடு, பிளஸ் டூவின் செய்முறைத் தேர்வு, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு, ஜூலை 19 அன்று முடிவு வெளியிட்டார்கள். அதாவது பதினைந்து வயதில் எழுதிய தேர்வு பதினேழு வயதில் அவர்களுடைய கல்லூரியைத் தீர்மானித்தது. பத்தாம் வகுப்பில் அம்மை வந்து படுத்திருந்த ஒருவருக்கும், பிளஸ் டூவில்தான் படிப்பின் மீது பிடிப்பு ஏற்பட்ட ஒருவருக்கும் இந்தக் கணக்கு எவ்வளவு பாதகமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மூன்று எண்களையும் எழுதி, தேர்வு நடந்திருந்தால் எதை எதிர்பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூடவே, அந்த ஜனவரியில் வகுப்புக்கு 25 பேர் என்ற கட்டுப்பாட்டோடு, பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடு, முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட நீங்கள் உட்கார்ந்து படித்த நாட்களையும் எழுதுங்கள். கேலி செய்கிறவர்களுக்கு அந்த நாட்கள் தெரியாது.

எழுத விரும்பாதவை

2021 ஏப்ரல், மே மாதங்களைத் தமிழ்நாட்டில் பல வீடுகளால் இன்னும் பேச முடியவில்லை. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஆக்ஸிஜனுக்கு அலைந்த குடும்பங்களிலும், முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் உறவினரை அடக்கம் செய்த குடும்பங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும், ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம் ரூபாயும் அரசு அறிவித்தது. அத்தகைய பிள்ளைகள் இன்று உங்கள் பக்கத்து இருக்கையில் இருக்கலாம்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு முதல் விதி: எதை எழுதுவது, எதை விடுவது என்பது முழுக்க உங்கள் விருப்பம். 'இந்த மாதத்தைப் பற்றி நான் எழுதவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த மாதத்துக்குப் போகலாம். எழுதி, யாருக்கும் காட்டாமல் உறையிலிட்டு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மனம் கலங்கினால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போங்கள், பிடித்த ஒருவரோடு உட்காருங்கள். ஊரடங்கின்போது வீட்டுக்குள் அடி, தவறான தொடுகை, கட்டாயத் திருமண ஏற்பாடு போன்றவற்றை அனுபவித்தவர்கள் அதைக் கட்டுரையாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை; நம்பும் ஆசிரியரிடம் நேரில் சொல்லலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இரண்டாவது விதி, மற்றவர்களுடைய துயரத்தை அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. தோழியின் தந்தை இறந்தது உங்கள் ஆண்டையும் பாதித்திருக்கும். ஆயினும் அதைப் பெயரோடு எழுதுவதற்கு முன் அவளுடைய சம்மதம் வேண்டும்.

வீட்டாரிடம் கேட்டல்

அந்த ஆண்டில் சிறு பிள்ளையாக இருந்தவர்களுக்கு நேரடி நினைவு குறைவாகவே இருக்கும். அவர்கள் அம்மா, பாட்டி, வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், ஆட்டோ ஓட்டும் அண்ணா ஆகியோரில் இருவரிடமாவது பேசிவிட்டு எழுத வேண்டும். 'கொரோனா காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் பெருமூச்சுதான் பதிலாக வரும். 'நான் வகுப்பு கேட்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?', 'என் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன செய்தீர்கள்?', 'பள்ளி திறந்ததும் என்னை அனுப்பப் பயந்தீர்களா?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நெல்லைப் பேச்சோ கொங்குப் பேச்சோ, அதைச் செந்தமிழாக்க வேண்டாம். அவர்களுடைய நினைவும் உங்களுடைய நினைவும் முரண்பட்டால் இரண்டையும் அருகருகே வைத்துவிடுங்கள்.

எழுதித் திருத்துதல்

இவ்வளவும் சேர்ந்த பிறகு எழுதுவது அவ்வளவு கடினமாக இராது. ஒரு சாதாரண நாளின் விவரிப்பை முதலில் வையுங்கள். அதன் பிறகு உங்கள் காலவரிசையிலிருந்து மூன்று அல்லது நான்கு நிகழ்வுகள். பிறகு படிப்பைப் பற்றிய பகுதி. நான்கைந்து பக்கம் போதும். திருத்தும்போது, ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியங்களைத் தேடி அடியுங்கள். 'இழந்த ஆண்டு' என்று ஒரேயடியாகச் சொல்வதையும், 'எல்லாம் நன்மைக்கே' என்று ஒரேயடியாகத் தேற்றிக்கொள்வதையும் சந்தேகத்தோடு பாருங்கள். உங்கள் காலவரிசைத் தாளில் இரண்டுக்கும் பொருந்தாத நாட்கள் நிறைய இருக்கும். பிறகு, அந்த ஆண்டில் உங்களோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்து, 'இல்லை, அப்போது மழைக்காலம்' என்றோ 'அந்தக் கைபேசியை வாங்க நான் கம்மலை அடகு வைத்தேன், அதை எழுதவில்லையே' என்றோ சொல்வார். அதைக் கேட்பதற்காகத்தான் வாசிக்கச் சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்கு

இந்தப் பணிக்கு மதிப்பெண் இடாதீர்கள், எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில் வட்டமும் போடாதீர்கள். தொடர்ந்து இரண்டு பாடவேளைகளை ஒதுக்கினால் காலவரிசையையும் பாடநூல் குறியீட்டையும் வகுப்பிலேயே முடித்துவிடலாம். மற்றவை வீட்டிலும் அடுத்தடுத்த வாரங்களிலும் நடக்கட்டும். யார் வீட்டில் கைபேசி இருந்தது, யார் வீட்டில் இல்லை என்று வகுப்பில் கைதூக்கச் சொல்வது பிள்ளைகளைப் புண்படுத்தும். எழுத்தில் சிரமப்படும் பிள்ளை வாயால் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்ளலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை தன் தாய்மொழியில் எழுதலாம். கட்டுரையைத் தகவல்பலகையில் ஒட்டுவதற்கும் இறைவணக்கக் கூட்டத்தில் படிப்பதற்கும் எழுதியவரின் சம்மதத்தையும் பெற்றோரின் சம்மதத்தையும் தனித்தனியாகப் பெறுங்கள். உங்கள் அனுபவத்தையும் ஒரு பக்கம் எழுதி அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கைபேசியின் முன்னால் தனியாக நின்று, பெயர்கள் மட்டுமே தெரியும் திரையைப் பார்த்துப் பாடம் நடத்திய ஆசிரியரின் நிலை பிள்ளைகளுக்கு இதுவரை தெரியாது.

'இன்றும் புரியவில்லை' என்று குறியிடப்பட்ட பாடங்களை மட்டும் பெயர் இல்லாமல் ஒரு தாளில் தொகுத்து, கணிதம், ஆங்கிலம், அறிவியல் ஆசிரியர்களிடம் கொடுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்குப் பொதுவாக உள்ள இடைவெளி எது என்பது அந்த ஒரே தாளில் தெரிந்துவிடும். அதற்கான வகுப்புகளை மாலையிலோ சனிக்கிழமையிலோ வைக்கலாம்.

முடித்த கட்டுரையின் கீழே பெயர், அன்று படித்த வகுப்பு, பள்ளி, ஊர், எழுதிய தேதி ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். அன்றைய நினைவு எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். கைபேசியில் படமெடுத்து வைத்தால் கைபேசி மாறும்போது அது போய்விடும். ஆகவே மூலத்தை மாணவர் வைத்துக்கொண்டு, சம்மதம் தந்தவர்களின் நகல்களை வகுப்புவாரியாகத் தைத்துப் பள்ளி நூலகத்தில் பதிவெண் இட்டு வைப்பது நல்லது. வெள்ளத்தாலோ வேறொரு தொற்றாலோ பள்ளியை மறுபடியும் பல வாரங்கள் மூட நேர்ந்தால், எந்தத் தெருவில் சிக்னல் கிடைக்காது, எந்த வீடுகளுக்கு அரிசி முதலில் போய்ச்சேர வேண்டும், எந்த வகுப்பை முதலில் திறக்க வேண்டும் என்பதற்கு அன்றைய தலைமையாசிரியர் அந்தத் தொகுப்பை எடுத்துப் பார்க்கலாம்.